ஒரு வாய்க்கு ஒரு பங்கு

பேனாவை நீட்டினார்கள். ஆனந்தி வாங்கவில்லை.

"என்ன தாயி, கை வலிக்குதா?" என்றார் வீரபாண்டி.

"வலி ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப ஒப்பைப் போடு. எல்லாரும் போட்டாச்சு. ஒன்னோடதுதான் பாக்கி."

தூள் சலிக்கும் சலிப்பு அறையில் இயந்திரங்கள் நின்று வாரக்கணக்காகிவிட்டது. தேயிலைத் தூள் மட்டும் ஜன்னல் கம்பிகளிலும் மேசையிலும் இன்னும் படிந்திருந்தது. மேசையில் சாய்ந்து நின்றவர்களின் முழங்கைகள் பழுப்பாகியிருந்தன. நடுவில் ஒரு தாள் கிடந்தது. அது பறக்காமலிருக்க யாரோ எடைக்கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

ஆனந்தி தாளைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதியிருந்தது. வீரபாண்டியின் பெயருக்கு நேரே ஆறு. அவர் மனைவி சாந்தம்மாளும் இதே அறையில் வேலை பார்த்தவள்தான். ஆனால் அவள் பெயர் தனியாக இல்லை. அந்த ஆறுக்குள் அடங்கியிருந்தாள்.

"அக்கா படிக்கித வேகத்துக்கு ஃபேக்டரியை மறுபடி தொறந்துருவாங்க," என்றான் சதீஷ். உலர்த்தும் இயந்திரத்தில் வேலை பார்த்தவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் போடல," என்றாள் ஆனந்தி.

சிரிப்பு நின்றது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

அந்தத் தொழிற்சாலை ஏலப்பாறைக்குக் கீழே சாலை வளையும் இடத்தில் இருந்தது. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டத்துச் சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தை வாங்கித் தூளாக்கி அனுப்பும். கொழுந்து வரத்து குறைந்தது. தூள் விலை ஏறவில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஓடும் என்றார்கள், ஓடவில்லை. முதலாளி கோட்டயத்தில் இருந்தார். கணக்கு பார்க்கும் சிஞ்சு என்ற பெண்தான் ஒருநாள் அலுவலக வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

பி.எஃப். அவரவர் பெயருக்குத் தனியாக வரும். அதற்கு மேல் முதலாளி தன் கையிலிருந்து ஒரு தொகை தருகிறார். அதை அவர் ஆளாளுக்குப் பிரித்துத் தரமாட்டார். தொழிலாளிகளே பேசிப் பிரித்து, எழுதி, எல்லாரும் ஒப்பிட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் ஒப்பு குறைந்தாலும் யாருக்கும் கிடையாது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளையும் மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும்.

"பணத்தோட சண்டையையும் சேத்துக் குடுத்துட்டாரு மொதலாளி," என்று அன்றைக்குச் சொன்னது ஆனந்திதான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

சண்டை வரத்தான் செய்தது. சர்வீஸ் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்றார்கள் வெகுகாலம் வேலை பார்த்தவர்கள். ஆளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள் சமீபத்தில் சேர்ந்தவர்கள். சாயங்காலமெல்லாம் கத்தினார்கள். பிறகு வீரபாண்டி எழுந்தார். பாய்லருக்கு விறகு போடுபவர். லயத்தில் யாருக்குள் தகராறு வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"வீட்டுல எத்தனை வாயோ அத்தனை பங்கு," என்றார். "இது நம்ம ஆனந்தி சொன்ன கணக்கு. கொரோனா சமயத்துல சொன்னுச்சு. மறந்து போச்சா?"

யாருக்கும் மறந்துபோகவில்லை. எல்லாரும் தங்கள் வீட்டு வாய்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். சத்தம் அடங்கியது.

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். தொழிற்சாலை மூடிக் கிடந்த அந்தக் காலத்தில் முதலாளி அரிசி மூட்டைகள் அனுப்பியிருந்தார். எப்படிப் பிரிப்பது என்று எல்லாரும் விழித்தபோது ஆனந்திதான், "வாய்க்கு ஒரு பங்குன்னு அளந்து போடுங்க. பிள்ளை குட்டி உள்ளவுக என்ன செய்வாக? எனக்கு இருக்கது ஒரு வாய்" என்றாள். அன்றைக்கு அவளைப் பற்றி எல்லா வீடுகளிலும் பேசினார்கள். சாந்தம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வார்த்தைதான் இப்போது தாளில் ஒன்று என்று நின்றது.

ஆனந்திக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளுடைய அம்மா இதே சலிப்பு அறையில் நார் பொறுக்கியவள். தூளில் கிடக்கும் சிவப்பு நாரைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எறிவது வேலை. மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியதும் ஆனந்தி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இடையில் கொஞ்ச காலம் தவிர எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் கம்பத்தில் ஒரு கொத்தனாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் திருப்பூரில் கட்டட வேலை என்று போனார். முதலில் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பிள்ளை இல்லை. கொஞ்ச காலம் கம்பத்திலேயே அண்ணன் வீட்டில் இருந்தாள். அடுப்படியில் கிரைண்டருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். அண்ணி எழுந்து வருவதற்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். ஒருநாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணி அவளைத் தாண்டித் தாண்டி நடந்து காப்பி போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. காய்ச்சல் விட்டதும் ஆனந்தி குமுளி பஸ் ஏறினாள். அம்மா இறந்துபோன பிறகு லயத்துக் கடைசி வீடு அவள் பெயருக்கு வந்தது.

இப்போது அந்த வீடும் இல்லை என்றான பிறகு, அவள் ஏலப்பாறைக் கடைத்தெருவில் அறை தேடினாள். முகம்மது குட்டியின் பாத்திரக் கடைக்கு மேலே ஒன்று காலியாக இருந்தது. அவர் பாலக்காட்டுக்காரர். தமிழ் பேசும் குடும்பம். வியாபாரத்துக்காக மலையேறி வந்தவர்.

"எத்தனை பேருங்க?" என்று கேட்டார்.

"ஒரு ஆளு."

"ஒரு ஆளுன்னா நல்லதுங்க. தண்ணி மிச்சம். படி தேயாது." அவர் சிரித்தார். உள்ளே இருந்த மனைவியைப் பார்த்து, "ஏய் கைருன்னிசா, சாவி எடு" என்றார்.

அறை சிறியது. ஒரு பக்கம் அடுப்புத் திண்டு. அதற்கு மேலே ஜன்னல். ஜன்னல் வழியாகப் பஸ் நிற்கும் இடம் தெரிந்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. ஆனந்தி அதைப் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். வெளியே முகம்மது குட்டி, "என்னுங்க, மாட்டிக்கிட்டீங்களா?" என்று கூப்பிட்டார்.

அட்வான்ஸ் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் அவளுடைய பங்கு அதற்குச் சரியாக இருக்கும். சமையலுக்கு இரண்டு பாத்திரம் வாங்கக்கூட மிஞ்சும். வாய்க்கு ஒரு பங்கு என்றால் பாதிகூடத் தேறாது. பி.எஃப். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கறனுங்க," என்றார் அவர். "அதுக்கு மேல ஆகாதுங்க. ஆளு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அறை இல்லையென்றால் கம்பம்தான். அண்ணன் போனில், "வா, வா, ஒனக்கு இல்லாத எடமா" என்று சொல்லியிருந்தான். எந்த இடம் என்று சொல்லவில்லை.

ஒப்புப் போடாமல் வந்த மறுநாள் காலையில் குழாயடியில் அவளுடைய குடம் வரிசையில் இருந்தது. அவள் முறை வந்தபோது குடத்தை யாரோ நகர்த்தியிருந்தார்கள். கடைசியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் சாந்தம்மாள் வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷமாக இருவரும் சேர்ந்து வேலைக்கு நடந்தவர்கள். மழையில் ஒரே பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள்.

"உள்ள வா மதினி."

"இருக்கட்டும். ஏட்டி, ஒனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு?"

"ஒண்ணும் பிடிக்கல."

"எங்க வீட்டுல ஆறு பேரு. மருமக மோனிஷா கைப்பிள்ளைக்காரி. எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல. எம்மவன் லோகேஷு ஜீப்பு ஓட்டுதான், சூரியநெல்லிக்குச் சுத்திப் பாக்க ஆள் வந்தாதான் அவனுக்கு வரும்படி. மழை வந்தா அதுவும் இல்ல. சொந்த ஊருன்னு சங்கரன்கோவில்ல போயி எறங்குனா எங்களுக்கு நிக்க நிழல் இல்ல. ஒனக்கு எதுக்குடி அம்புட்டு?"

"எனக்குத்தான்."

"எனக்குத்தான்னா?"

"எனக்குத்தான் மதினி. வேற யாருக்கும் இல்ல."

சாந்தம்மாள் அவளையே பார்த்தாள். "நீயாட்டி இது? அன்னைக்கு வாய்க்கு ஒரு பங்குன்னு சொன்னவ?"

"அது அரிசி. தின்னா தீந்துரும். இது நான் பாத்த வேலைக்கு. நீயும் நானும் ஒரே மேசையில ஒக்காந்துதான் பொறுக்குனோம். ஒனக்கு ஆறு வாய்க்கு நாரு, எனக்கு ஒரு வாய்க்கு நாருன்னு பிரிச்சா போட்டான்?"

"வாய் மட்டும் நல்லா வளந்துருக்கு."

"அதான் ஒண்ணே ஒண்ணுன்னு எழுதியிருக்கீகளே."

சாந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு முகம் இறுகியது. "புருசன் பிள்ளைன்னு இருந்தாத் தெரியும்," என்றாள். சொன்னதும் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தாள். சாந்தம்மாள் திரும்பி நடந்தாள். ஆனந்தி அவளுக்காக எடுத்து வைத்திருந்த முறுக்கைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

அதற்குப் பிறகு லயத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் நடந்து போகும்போது பேச்சு நின்றது, கடந்து போனதும் தொடர்ந்தது. சதீஷ் மட்டும் ஒருநாள் எதிரே வந்து, "அக்கா, ஒங்களால நாங்க எல்லாரும் இப்ப ஒரே மாதிரி ஏழை. இதுவும் சமம்தான்" என்றான். அவன் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

அடுப்படியில் அவள் சத்தமாகப் பேசிக்கொள்ளத் தொடங்கினாள். உப்பு எங்கே வைத்தேன், மழை வரும்போல இருக்கு. தன் குரல் கேட்டதும் நிறுத்திக்கொள்வாள்.

சிஞ்சு போன் செய்தாள். "சேச்சி, சார் கேட்டாரு. நாளைக்குள்ள பேப்பர் வரணும். இல்லைன்னா சாருக்கு மனசு மாறும். எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டோ."

"எல்லாருக்கும் சமமா எழுதச் சொல்லு பிள்ள."

"அது ஞான் சொல்லக் கூடாது சேச்சி. உங்க ஆளுங்க காரியம்."

அன்று அவள் ஏலப்பாறைக்கு நடந்துபோய் ஒரு பாக்கெட் சர்க்கரை வாங்கினாள்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை நேரத்தில் கொடுக்கும் பால் இல்லாத கட்டன் டீயில் இனிப்பு இருக்காது. அவரவர் முந்தானையிலோ சட்டைப் பையிலோ கொண்டுவரும் வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். யார் வீட்டிலாவது கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று விசேஷம் வந்தால் அந்த வீட்டுக்காரர் ஒரு பாக்கெட் சர்க்கரையைக் கொண்டுவந்து டீ அண்டாவுக்குப் பக்கத்தில் வைப்பார். அன்றைக்கு டீ இனிக்கும். அதைக் குடித்தவர் தன்னுடைய ஒரு நாள் கூலியை அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்; நாள் போடுவது என்பார்கள். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் கேட்பதில்லை. வைத்த சர்க்கரையைக் குடிக்காமல் போனவர் என்று அங்கே ஒருவரும் கிடையாது. இன்றைக்குக் குடித்தவருக்கு நாளைக்கு ஒரு விசேஷம் வரும், அப்போது அவர் வைப்பார்.

ஆனந்தி எல்லார் வீட்டுச் சர்க்கரையையும் குடித்திருந்தாள். லோகேஷின் கல்யாணத்துக்கு அத்தை முறை என்று இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தாள். அவள் மட்டும் வைத்ததே இல்லை. அவளுடைய கல்யாணத்தின்போது அம்மா, "இப்ப என்ன அவசரம்? ஒரு பிள்ளையைப் பெத்துட்டு வரட்டும். ரெண்டுக்கும் சேத்து வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டாள்.

தாள் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில் எல்லாரும் சலிப்பு அறைக்கு வந்தபோது அண்டாவில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மேசைமேல் கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் வாய் பிரித்த சர்க்கரைப் பாக்கெட்.

முதலில் வந்தவர் உள்ளே ஓர் அடி வைத்து நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அக்கா," என்றான் சதீஷ். "பொண்ணா, பையனா?"

யாரும் சிரிக்கவில்லை.

"வீடு," என்றாள் ஆனந்தி. "ஏலப்பாறையில வாடகைக்கு ஒரு ரூம்பு. பால் காய்ச்சப் போறேன். என் வீட்டுல இதான் விசேஷம்." அவள் கிளாஸ்களில் டீயை ஊற்றத் தொடங்கினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது. "நீங்க எழுதுன தாளு அப்படியே இருக்கட்டும். ஒரு பங்குக்கே ஒப்பு போடுதேன். டீயைக் குடிங்க."

எல்லாருக்கும் புரிந்தது. ஒருவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "வேலையே இல்ல. இல்லாத வேலைக்கு எங்க போயி நாள் போட?"

"வருத பங்குல கழிச்சுக்கிடலாம்லா."

"இது மெரட்டுறது தாயி," என்றார் வீரபாண்டி.

"மெரட்டலண்ணே. சக்கரை வச்சிருக்கேன். எல்லாரும் வச்ச மாதிரிதான். நீங்க வச்சப்ப நான் மெரட்டுறீகளான்னு கேக்கல."

வீரபாண்டி டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். சாந்தம்மாள் சுவரோரமாக முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் லோகேஷ் உள்ளே வந்தான். சாமான் ஏற்ற வண்டி பேச அப்பாவைக் கூப்பிட வந்தவன். ஜீப்பை வெளியே நிறுத்திவிட்டு வந்ததில் கையில் சாவி ஆடியது. "என்ன அத்தை, இனிப்பு டீயா? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கிளாஸை எடுத்தான்.

"லோகேஷு," என்றாள் சாந்தம்மாள்.

அவன் திரும்பினான்.

"வேண்டாம். வச்சிரு."

லோகேஷ் அம்மாவைப் பார்த்தான், ஆனந்தியைப் பார்த்தான். கிளாஸ் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சூடு விரலில் உறைத்திருக்க வேண்டும், கையை மாற்றிக்கொண்டான். பிறகு கிளாஸை எடுத்த இடத்திலேயே வைத்தான். அடியில் இருந்த ஈர வட்டத்தில் சரியாகப் பொருத்தி வைத்தான்.

ஆனந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

வீரபாண்டி தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். "சதீஷு, வேற தாளு எடு. ஆளுக்குச் சமம்னு எழுது. ஒங்க மதினி சாந்தம்மா பேரையும் தனியா எழுது."

முணுமுணுப்பு எழுந்தது. அவர் கையை உயர்த்தினார்.

"வச்ச சக்கரையைக் குடிக்காமப் போனவன்னு எவனும் என்னையச் சொல்லப்படாது. குடிச்சுட்டு நாள் போடாதவன்னும் சொல்லப்படாது. சமம்னு எழுதிட்டா கணக்கு தீந்துச்சு. யாரும் யாருக்கும் நாள் போட வேண்டாம்." அவர் இதையெல்லாம் சதீஷைப் பார்த்துத்தான் சொன்னார்.

சதீஷ் எழுதினான். ஒவ்வொருவராகக் குனிந்து ஒப்புப் போட்டார்கள். சாந்தம்மாள் தன் பெயருக்கு நேரே போட்டாள். வெகுநாளாக எழுதாத கை, நேரம் பிடித்தது. பேனாவை அடுத்தவரிடம் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ஆனந்தி அதை எடுத்தாள்.

"டீ ஆறுது," என்றாள். "சமம்னுதான் ஆகிப்போச்சே. இப்ப சும்மா குடிக்கலாம்லா. நாள் வேண்டாம்."

சிலர் வாசலைத் தாண்டியிருந்தார்கள். சதீஷ் நின்றான். "அக்கா, நான் சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு சிஞ்சுவிடம் போனான்.

கிளாஸ்களில் டீ விளிம்புவரை நின்றது. மேலே மெல்லிய படலம் படர்ந்திருந்தது. ஆனந்தி ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தாள். நன்றாக இனித்தது, கொஞ்சம் அதிகமாகவே. மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் ஊற்றினாள். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அவை தொழிற்சாலையுடையவை. அண்டாவைத் தேய்த்தாள். சிந்திய இடத்தை முந்தானையால் துடைத்தாள். தேயிலைத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரைப் பாக்கெட்டின் வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள்.

மறுநாள் காலையில் பணம் வந்துவிட்டதாகப் பேங்கிலிருந்து போனில் செய்தி வந்தது. ஆனந்தி பணத்தை எடுத்து முகம்மது குட்டியிடம் அட்வான்ஸ் கொடுத்தாள். அவர் சாவி கொடுத்தார். அவர் கடையிலேயே ஒரு பால் பாத்திரமும் சாதம் வடிக்க ஒரு பாத்திரமும் வாங்கினாள். இரண்டாவதற்கு அவர் விலை குறைத்தார். லயத்திலிருந்து மூட்டைகளை ஆட்டோவில் கொண்டுவந்தாள். வீரபாண்டியின் வீட்டு வாசலில் பிக்கப் வண்டி நின்றது, கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மோனிஷா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சாந்தம்மாள் உள்ளே இருந்தாள்.

ஆனந்தி அறையைப் பெருக்கிக் கழுவினாள். பால் காய்ச்சினாள். கைருன்னிசா படியேறி வந்து எட்டிப் பார்த்து, "உங்க ஆளுங்க வல்லீங்களா?" என்று கேட்டாள். பஸ் வரவில்லை என்றாள் ஆனந்தி. கைருன்னிசா நின்றபடியே அரை டம்ளர் பால் குடித்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று இறங்கிப் போனாள். ஆனந்தி மீதிப் பாலை உறைக்கு ஊற்றினாள். மீதிச் சர்க்கரையை டப்பாவில் கொட்டினாள். பாக்கெட்டைக் கழுவிக் காயப் போட்டாள்.

மத்தியானம் கடைத்தெருக் கோடியில் இருந்த ஏலக்காய்க் கிடங்குக்குப் போய் வேலை கேட்டாள். தரம் பிரிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். நார் பொறுக்கத் தெரியும் என்றாள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வரும் வழியில் ஒரு பூட்டு வாங்கினாள். சாயங்காலம் மழை பெய்தது. ஜன்னலைச் சாத்தினாள். சோறு வடித்துச் சாப்பிட்டாள். கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தாள்.